நேந்திரம்பழமும் பிசிறிய மாவும்: ஓவன் புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு கிரம்பிள்

ஓவன் வாங்கியவர்கள் முதலில் கேக்கில்தான் கை வைக்கிறார்கள். சறுக்குவதற்கு வாய்ப்பு அதிகமுள்ளதும் அதுதான். முட்டையின் குளிர்ச்சி போயிருக்க வேண்டும், பேக்கிங் பவுடர் பழசாகியிருக்கக் கூடாது, மாவை அதிகம் கலக்கினாலும் தப்பு, கலக்காமல் விட்டாலும் தப்பு. நடுவில் குழி விழுந்த கேக்கை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், ஓவன் மேல் துணி விழுந்துவிடும். பிறகு அது அப்பளக்கட்டு வைக்கும் மேடைதான்.

அந்தத் துணியை எடுக்க வைக்கும் பண்டம் கிரம்பிள். அடியில் நறுக்கிய பழம், மேலே வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துப் பிசிறிய மாவு, அவ்வளவுதான். சுட்டு எடுத்தால் பழம் குழைந்து பாகு விட்டிருக்கும். மேல்மாவு சிவந்து மொறுமொறுக்கும். முட்டை கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, அடித்துக் கலக்கும் பீட்டர் கருவியும் கிடையாது. முட்டை சேராத வீட்டுக்கு ஒரம்பரை (விருந்தாக உறவினர்) வந்தாலும் தயங்காமல் எடுத்து வைக்கலாம். இது இங்கிலாந்தின் வீட்டுப் பண்டம். 1940 ஜனவரியில் அங்கே வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்த பிறகு, மாவுக்கூட்டில் பழம் அடைத்துச் சுடுகிற, வெண்ணெயை நிறைய விழுங்கும் ‘பை’ செய்ய வழியில்லாத குடும்பங்களுக்கு இது கைகொடுத்தது. சிக்கனத்தில் வளர்ந்த பண்டம் என்பதால் கொஞ்சம் கூடக்குறையப் போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் அவர்கள் குறிப்பை எடுத்து அப்படியே செய்தால் நமக்குச் சரிப்படாது. அது பெரும்பாலும் பிராம்லி என்ற சமையல் ஆப்பிளை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் அளவுக்குப் புளிக்கிற ஆப்பிள் அது. அதனால்தான் பழத்துக்கே அத்தனை சர்க்கரை கேட்கிறார்கள். நம் சந்தைப் பழங்களில் பாதி, தானே தித்திப்பவை. அதன்மேல் அதே அளவு சர்க்கரையைக் கொட்டினால் இரண்டாவது கரண்டியில் திகட்டிவிடும். தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். நேந்திரன் வறண்ட பழம், அன்னாசி ஒழுகும் பழம். மேல்மாவு யாருக்கும் வந்துவிடும். பழத்தின் புளிப்பையும் தண்ணீரையும் கணக்குப் பார்ப்பதில்தான் சமையல் இருக்கிறது.

எந்தப் பழம் எடுப்பது

என் முதல் சிபாரிசு நேந்திரனும் அன்னாசியும் சேர்ந்த ஜோடி. கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் பக்கங்களில் நேந்திரன் நிறைய விளைகிறது. கோவையில் எந்தப் பழக்கடையிலும் கிடைக்கும். மற்ற வாழைப்பழங்கள் ஓவன் சூட்டில் கூழாகிவிடும். பூவனையும் கற்பூரவள்ளியையும் சும்மா தின்னுங்கள், ஓவனுக்குள் அனுப்பாதீர்கள். நேந்திரன் மட்டும் வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். தோல் முழுக்க மஞ்சளாகி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும். பச்சை ஓடிய காம்போடு வாங்கி அன்றே செய்தால் துவர்க்கும்.

நேந்திரனிடம் இல்லாதது சாறும் புளிப்பும். அன்னாசியிடம் இரண்டும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. ஒன்றின் குறையை மற்றது தீர்ப்பதால் புதியவர்களுக்கு இதைவிடப் பத்திரமான சேர்க்கை கிடையாது. கொல்லிமலை அன்னாசி கிடைத்தால் வாங்குங்கள், மணத்துக்காகவே சொல்கிறேன். அடிப்பக்கத்தை முகர்ந்தால் மணக்க வேண்டும். மணக்காத அன்னாசி சுட்ட பிறகும் மணக்காது.

ஊட்டியிலிருந்து இறங்கும் பேரிக்காய் இன்னொரு நல்ல தேர்வு. நறநறவென்று இருக்கிறதே என்று பலரும் ஒதுக்கும் அந்தக் கெட்டிப் பேரிக்காய்தான் இதற்கு வேண்டும். ஓவனில் மெல்ல இளகி, வடிவம் குலையாமல் வரும். கோடையின் கடைசியில் மேட்டுப்பாளையம் சாலையோரக் கடைகளில் பிளம்ஸ் வந்தால் விடாதீர்கள். பிராம்லி ஆப்பிளின் புளிப்புக்கு நம்மிடம் ஓரளவு நெருங்கி வருவது அதுதான். அதற்கு மட்டும் சர்க்கரையைத் தாராளமாகவே போடலாம். சேலத்து மாம்பழப் பருவத்தில், சாறு வழியும் மல்கோவாவை ஓவனில் வைப்பது பாவம். முக்கால் பழுத்த கிளிமூக்கை எடுங்கள். அதற்கு அந்த மரியாதை போதும். ஆயக்குடிக் கொய்யா என்றால் நடுவிலுள்ள விதைச் சதையை வழித்தெடுத்துவிட்டு, ஓரச் சதையை மட்டும் நறுக்குங்கள். பப்பாளியும் சப்போட்டாவும் வேண்டாம். புளிப்பே இல்லாத பழங்கள். எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் எழுந்து நிற்காது.

எடுத்து வைக்க வேண்டியவை

நான்கைந்து பேருக்கு, எட்டு அங்குலத் தட்டுக்கான அளவு இது. பழத்துக்கு: நன்கு பழுத்த நேந்திரன் மூன்று, தோலும் நடுத்தண்டும் நீக்கிய அன்னாசி 200 கிராம், நாட்டுச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சை, ஜவ்வரிசிப் பொடி இரண்டு தேக்கரண்டி, சுக்குத்தூள் அல்லது ஏலக்காய்த்தூள் இரண்டு சிட்டிகை. மேல்மாவுக்கு: மைதா 75 கிராம், கோதுமை மாவு 75 கிராம், நாட்டுச் சர்க்கரை 75 கிராம், வெண்ணெய் 90 கிராம், கொப்பரைத் துருவல் மூன்று மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

தராசு இல்லையென்றால் 200 மில்லி டம்ளரில் இரண்டு மாவும் சேர்ந்து ஒன்றேகால் டம்ளருக்குச் சற்று மேல், சர்க்கரை அரை டம்ளர் என்று கொள்ளுங்கள். வெண்ணெய் 100 கிராம் கட்டியாகக் கிடைக்கிறது. மாவுக்குப் போக மிஞ்சுவது தட்டில் தடவச் சரியாக இருக்கும்.

இவற்றில் சிலவற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாட்டுச் சர்க்கரை என்றால் இந்தப் பக்கத்தில் கவுந்தப்பாடிதான். பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்து போகிறது. வெள்ளைச் சர்க்கரையைவிட மணம் கூடுதல், ஈரமும் கூடுதல். கட்டி கட்டியாக இருந்தால் உதிர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். சில சமயம் பொடிக்கல்லும் அதில்தான் அகப்படும். இது சீக்கிரம் சிவக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதற்கான முன்னெச்சரிக்கை பின்னால் வருகிறது.

வெண்ணெயில் மூன்று வகை வீட்டில் இருக்கலாம். கடையில் விற்கும் மஞ்சள் கட்டியில் பெரும்பாலும் உப்பு இருக்கும். அதைப் போட்டால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம். ஊத்துக்குளி வெண்ணெயோ, வீட்டில் கடைந்த வெண்ணெயோ என்றால் மோர்த்தண்ணீர் உள்ளே தங்கியிருக்கும். ஐஸ் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் வைத்து அழுத்திப் பிழிந்த பிறகே எடை போடுங்கள். இல்லையென்றால் மாவு பிசிறி வராமல் பிசைந்த மாவாகிவிடும். நெய்தான் இருக்கிறது என்றால் அதுவும் ஆகும். வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீரும் மற்றவையும் இருக்கும், நெய்யில் அது இல்லை; ஆகவே 90 கிராமுக்குப் பதிலாக 70 கிராம், அதுவும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைந்த நெய்.

ஜவ்வரிசி எதற்கு என்று கேட்பீர்கள். பழச்சாறு கெட்டிப்பட மாவுச்சத்து வேண்டும். பல குறிப்புகள் கார்ன்ஃப்ளார் என்கின்றன. அதற்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்துதான். அமெரிக்கர்கள் பழப் பைகளுக்குக் காலங்காலமாகப் போடுவதும் இதே மரவள்ளிச் சத்துதான். 1981 முதல் ஜவ்வரிசி ஆலைகளின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் நடக்கிற சேலத்துக்கு அருகே இருந்துகொண்டு, வேறெதையோ தேடுவானேன்? வறட்டு ஜவ்வரிசியை மிக்ஸியில் நைஸாகப் பொடித்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். குருணை தங்கினால் அது வேகாமல் வெள்ளை வெள்ளையாகப் பல்லில் தட்டும். பாகு பளபளவென்று தெளிவாக வரும். கார்ன்ஃப்ளார் பாகில் அந்தத் தெளிவு கிடையாது.

கொப்பரைத் துருவலுக்குப் பதில் பச்சைத் தேங்காய்த் துருவல் என்றால், வாணலியில் ஈரம் போகும்வரை இளவறுப்பாக வறுத்து, ஆறவிட்டுச் சேருங்கள். கொரகொரப்பாகப் பொடித்த நிலக்கடலையும் நன்றாகவே இருக்கும்.

ஓவனைத் தயார் செய்வது

புதிய ஓ.டி.ஜி. (சுடவும் டோஸ்ட் போடவும் கிரில் செய்யவும் ஆகிற மேசை ஓவன்) என்றால், முதலில் வெறுமனே அதிகச் சூட்டில் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூச்சு எரிகிற புகைநாற்றம் ஒன்று வரும், பிறகு வராது. இந்த வேலையை முடிக்காமல் பண்டத்தை வைத்தால் பிளாஸ்டிக் வாடையோடுதான் சாப்பிட வேண்டும். பெரும்பாலான ஓ.டி.ஜி.க்கள் 16 ஆம்பியர் பிளக்கோடு வரும். சிறிய பிளக்கில் அடாப்டர் மாட்டி ஓட்டாதீர்கள், வீட்டு இன்வெர்ட்டரை நம்பியும் ஓட்டாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு நாள் குறிப்பது உத்தமம்.

சுடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியும் நிலையில் 180 டிகிரி செல்சியஸில் சூடேற்றுங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் கன்வெக்‌ஷன் நிலையில் 170 டிகிரி. உள்ளே விசிறி சுழல்வதால் சீக்கிரம் சிவக்கும். வெறும் மைக்ரோவேவ் நிலையில் வைத்தால் மேல்மாவு சிவக்கவே சிவக்காது, வெந்த மாவுதான் மிஞ்சும்.

தட்டு கண்ணாடியோ பீங்கானோ ஓவனில் வைக்கத் தகுந்ததாக இருக்கட்டும். எவர்சில்வரும் ஓ.டி.ஜி.யில் ஆகும். அன்னாசி, பிளம்ஸ் போன்ற புளிப்புப் பழங்களுக்கு அலுமினியத் தட்டு வேண்டாம், உலோக ருசி ஏறிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டை நேராகச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடக்கூடும். ஆகவே பழத்தைக் கலந்து முன்கூட்டியே ஜில்லென்று எடுத்து வைக்கிற வேலை வேண்டாம்.

மேல்மாவைப் பிசிறுவது

முதலில் இதைச் செய்துவிட்டுப் பழத்துக்குப் போங்கள். இரண்டு மாவையும் உப்பையும் அகலமான பாத்திரத்தில் கலக்குங்கள். வெண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக நறுக்கி, மாவில் போட்டுப் புரட்டுங்கள். சித்திரை, வைகாசியில் நம் சமையலறைச் சூட்டுக்கு வெண்ணெய் பேசிக்கொண்டிருக்கும்போதே இளகிவிடும். அந்த மாதங்களில் நறுக்கிய வெண்ணெயை மாவோடு சேர்த்துப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

இனி விரல் நுனிகளுக்குத்தான் வேலை. உள்ளங்கை படக் கூடாது. அந்தச் சூட்டிலேயே வெண்ணெய் உருகும். ஒரு துண்டு வெண்ணெயைக் கொஞ்சம் மாவோடு எடுத்து, கட்டைவிரலால் மற்ற விரல்களின் மேல் தேய்த்து, கீழே உதிர விடுங்கள். மறுபடி எடுங்கள், தேயுங்கள், விடுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு மாவின் வெள்ளை மங்கி இளமஞ்சள் ஏறும். பாத்திரத்தைக் குலுக்கினால் பெரிய உருண்டைகள் மேலே வரும், அவற்றை மட்டும் எடுத்துத் தேயுங்கள். புட்டுக்கு மாவு பிசிறியவர்களுக்குப் பதம் சொல்லித்தர வேண்டியதே இல்லை: கையில் அள்ளிப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைந்து உதிர வேண்டும். இப்போது சர்க்கரையையும் கொப்பரையையும் சேர்த்துக் கலந்து, நான்கைந்து பிடிகளை மட்டும் இறுகப் பிடித்துப் பெரிய கட்டிகளாக உடைத்துப் போடுங்கள். தூளும் கட்டியும் கலந்து இருந்தால்தான் சுட்ட பிறகு சாப்பிட ருசி. எல்லாம் ஒரே தூளாக இருந்தால் மேலே மணல் பரப்பிய மாதிரி ஆகிவிடும். பாத்திரத்தோடு ஃப்ரீசருக்குள் வைத்துவிடுங்கள்.

கைச்சூடு அதிகமுள்ளவர்கள் மிக்ஸியை விட்டு விட்டுச் சுற்றியும் இதைச் செய்யலாம். ஒரு சுற்று கூடினாலும் மாவு திரண்டு உருண்டையாகிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அப்படித் திரண்டுவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். ஃப்ரீசரில் இறுகவிட்டு, துருவியில் துருவி மேலே தூவினால் காரியம் ஆகிவிடும்.

பழம், பிறகு சூடு

அன்னாசியைச் சிறு துண்டுகளாகவும், நேந்திரனை விரல் மொத்தத்துக்குச் சக்கரமாகவும் நறுக்குங்கள். அன்னாசி வேகத் தாமதமாகும், நேந்திரன் சீக்கிரம் வேகும். அதனால்தான் இந்த அளவு வித்தியாசம். அன்னாசித் துண்டுகளோடு சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஜவ்வரிசிப் பொடி, சுக்கு ஆகியவற்றைப் போட்டுப் பிரட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். சாறு விட்டு, பொடி அதில் ஊறிவிடும். பிறகு நேந்திரனைச் சேர்த்து ஒருமுறை மெல்லப் புரட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்புங்கள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள்: இனிப்புக்குப் பின்னால் புளிப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மீதி எலுமிச்சையையும் பிழியுங்கள். மேல்மாவில் சர்க்கரை இருக்கிறது என்பதால் இங்கே கொஞ்சம் புளிப்பு தூக்கலாக இருப்பதே நல்லது.

நேந்திரன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஜவ்வரிசியை விட்டுவிட்டு, நான்கு மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலும் முழு மூடி எலுமிச்சைச் சாறும் சேருங்கள். அன்னாசி அல்லது பிளம்ஸ் மட்டும் என்றால் ஜவ்வரிசிப் பொடியை ஒரு மேசைக்கரண்டியாகக் கூட்டுங்கள். பேரிக்காய்க்கு இங்கே சொன்ன அளவே போதும்.

ஃப்ரீசரில் வைத்த மாவைப் பழத்தின் மேல் தூவிப் பரப்புங்கள். அழுத்தாதீர்கள். அழுத்தினால் ஆவி வெளியேற வழியில்லாமல் மாவின் அடிப்பகுதி களியாகிவிடும். தட்டின் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் இடம் இருக்கட்டும், பாகு பொங்கும். அப்படியும் பொங்கினால் தாங்கிக்கொள்ள ஓவனின் தகரத் தட்டைக் கீழ்த்தட்டில் போட்டு வையுங்கள். ஓவன் தரையில் சொட்டிக் கருகிய சர்க்கரையைச் சுரண்டுவது ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கிற வேலை.

நடுத்தட்டில் வைத்து 35 முதல் 40 நிமிடம். கேக் மாதிரி அமுங்கிவிடும் என்ற பயம் இதில் இல்லை, வேண்டுமானால் திறந்து பார்க்கலாம். 20 நிமிடத்திலேயே மேலே நன்றாகச் சிவந்துவிட்டால் நாட்டுச் சர்க்கரை தன் வேலையைக் காட்டுகிறது என்று அர்த்தம். அலுமினியத் தாளால் லேசாக மூடி மீதி நேரம் விடுங்கள். சின்ன ஓ.டி.ஜி.க்களின் திருகு 180 என்று காட்டினாலும் உள்ளே வேறு சூடு இருக்கலாம், ஆகவே கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். இரண்டு அடையாளம் சேர்ந்து தெரிய வேண்டும்: மேல்மாவு பொன்னிறம், ஓரங்களில் பாகு கெட்டியாகக் குமிழிட்டுக் கொதிப்பது. மேலே சிவந்து ஓரத்தில் கொதி வராமல் எடுத்தால் ஜவ்வரிசி வெந்திருக்காது, பாகு நீர்த்துக் கலங்கலாகவே நிற்கும்.

எடுத்ததும் யாரையும் நெருங்க விடாதீர்கள். பாகு வாயைச் சுட்டுவிடும்; அதோடு, அது கெட்டிப்படுவதே ஆறும்போதுதான். இருபது நிமிடமாவது வெளியே இருக்கட்டும்.

ஐஸ்கிரீம் வைத்துக் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். நான் சிபாரிசு செய்வது, இடியாப்பம் போன்ற சந்தகைக்கு ஊற்றுகிற தேங்காய்ப்பால்: வெல்லமும் ஏலக்காயும் குறைவாகப் போட்டு, ஜில்லென்று. பொள்ளாச்சித் தேங்காய் ஒன்றின் முதல் பால் மட்டும் எடுத்தால் நான்கு பேருக்குப் போதும். பரிமாறும்போதுதான் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் மொறுமொறுப்பு போய்விடும்.

ஓவன் இல்லாதவர்கள்

உப்புப் பரப்பிய வாணலியில் தட்டை வைத்து மூடிச் சுடலாம் என்று சொல்வார்கள். பழம் வேகும், மேல்மாவு சிவக்காது. மூடியில் ஆவி சேர்ந்து சொட்டி அதையும் நனைத்துவிடும். அதைவிட இரண்டையும் தனித்தனியாகச் செய்வது மேல். அடிகனமான வாணலியில் மேல்மாவைப் போட்டு, சிறு தீயில் கரண்டி நிற்காமல் கிளறி, கட்டிகள் சிவந்து மணம் வரும்வரை வறுத்துத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிடுங்கள், ஆறியதும்தான் மொறுமொறுக்கும். வேறு பாத்திரத்தில் அன்னாசிக் கலவையைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொதிக்கவிட்டு, பாகு பளபளப்பானதும் நேந்திரனைச் சேர்த்து மூன்று நிமிடத்தில் இறக்குங்கள். கிண்ணத்தில் பழம், அதன்மேல் வறுத்த மாவு. ஏர் ஃபிரையர் உள்ளவர்கள் சிறு கிண்ணங்களில் போட்டு 160 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். விசிறிக் காற்று தூளைப் பறக்கடிக்கும் என்பதால் அங்கே மட்டும் மாவை லேசாக அழுத்திவிடுவதில் தவறில்லை.

மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். மறுபடி சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மேல்மாவு தொய்ந்துவிடும். வெளியே எடுத்துக் குளிர் போனதும் 160 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். பச்சையாகப் பிசிறிய மாவை மட்டும் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் கெடாது. திடீரென்று ஆள் வந்தால் பழத்தை நறுக்குவது மட்டும்தான் பாக்கி. மாவை உறைந்தபடியே தூவிவிடலாம்.